நாலு கோடு

லாரன்ஸ் ரோட்டில் ஏழு கடை.
ஏழிலும் ஒரே தலையசைப்பு.
பாண்டிச்சேரி நேரு வீதியில் ஒருவன்
"நேத்து வந்துது, நேத்தே போச்சு" என்றான்,
ஐஸ் கம்பெனிக்காரியிடமே
வஞ்சிரம் தீர்ந்த கதையைச் சொல்வதுபோல.
ஆன்லைனில் பதினோரு மணிக்குத் திறப்பார்கள்.
நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள்
மூடிவிடுவார்கள்.

அந்த போனேதான் வேணுமா என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் வைத்திருந்தேன்.
மணிபாலனிடம், பிள்ளை படிப்புக்கு.
முதலாளியிடம், லோடு கணக்கை
துறைமுகத்திலிருந்தே ஏற்றிவிடலாம் சார்.
நாத்தனாரிடம், கேமரா.
உண்மை என்னவென்றால்
அதன் முதுகு.
பச்சையென்றும் சொல்ல முடியாது, நீலமென்றும் முடியாது.
கொண்டல் காற்று அடங்கிய காலையில்
முகத்துவாரத்தில் பத்து நிமிஷம் மட்டும்
நின்றுவிட்டுப் போகும் நிறம்.
இதைச் சொல்லி
யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

கடைசியில் தெரிந்தது,
கடைக்காரனிடம் இல்லாதது
சிம் விற்கிறவனிடம் இருக்கிறதென்று.
அவன் தருவான்.
ஆனால் கயிற்றோடு தருவான்.

மஞ்சக்குப்பம் ஷோரூம். டோக்கன் நாற்பத்து மூன்று.
எனக்கு முன்னால் ஒரு புது மாப்பிள்ளை
கல்யாணப் பத்திரிகையைக் காட்டி
அவசரம் என்கிறார்.
அவருக்கு வேண்டியது வேறு மாடல்.
என் நெஞ்சு கொஞ்சம் கீழே இறங்கியது.

பெனாசிர் என்ற பெண் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.
"ஒண்ணுதான் இருக்குக்கா.
இருபத்துநாலு மாசம் எங்க போஸ்ட்பெய்டுல இருக்கணும்.
நடுவுல விட முடியாது.
வேற சிம் போட்டா எடுக்காது."
"கல்யாணம் மாதிரியா?"
"அதுலயாவது வக்கீல் இருக்காங்கக்கா" என்றாள்,
சிரிக்காமல்.

என் விரல் பதியவில்லை.
பார் ஐஸை எண்ணி எண்ணித் தட்டிய விரல்,
ரேகையெல்லாம் எந்தப் படகில் ஏறிப் போனதோ.
துடைங்கக்கா. மறுபடி வைங்க. அழுத்தாதீங்க.
பின்னால் வரிசை இருமியது.
ஐந்தாவது தடவை கருவி
நான் நான்தான் என்று ஒப்புக்கொண்டது.

சோனங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு
அந்தக் கம்பெனி வருவதில்லை.
தெரியாமல் இல்லை.
கையெழுத்துப் போடும்போதே தெரியும்.
தெரிந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு
பேனா போய்விட்டது.

அடுப்படியில் பெருக்கல் குறி.
கொசுவலைக்குள் பெருக்கல் குறி.
மாடியில், தண்ணீர் டேங்க்மேல் கையை நீட்டினால்
ஒரு கோடு வந்து
என்னைப் பார்த்துவிட்டுப் போகும்.
மணிபாலன் ஒன்றும் சொல்லவில்லை.
என் போனை வாங்கி
அதன் கறுப்புத் திரையில் முகம் பார்த்து
மீசையை ஒதுக்கிக்கொண்டு
திருப்பிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, உப்பனாற்றின் நடுவில்,
படகில் ஆறு பேர், இரண்டு சைக்கிள்,
கூடைக்குள் என் போன்
பிடிபட்ட கெளுத்தியாய்த் துள்ளியது.
நாலு கோடு!
பத்தொன்பது குறுஞ்செய்தி.
வங்கி, பள்ளிக்கூடம், நாத்தனாரின் காலை வணக்க ரோஜாக்கள்,
முதல் மாத பில்.
"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்றேன்.
அஞ்சாப்புலி மோட்டாரை அணைத்தார்.

அழைப்பு வந்தது.
எங்கள் சேவை திருப்தி என்றால் ஐந்தை அழுத்தவும்,
இல்லையென்றால் ஒன்று.
சைக்கிள்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
தண்ணீர் எங்களை மெல்ல
பாலத்துப் பக்கம் இழுக்கிறது.
நான் போனைத் திருப்பி
அதன் முதுகை ஆற்றுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒத்துவரவில்லை.
போன் கொஞ்சம் கூடுதல் நீலம்.
இருந்தாலும்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தை அழுத்தினேன்.

கரை நெருங்க நெருங்க மூன்று, இரண்டு,
பிறகு அந்தப் பெருக்கல் குறி.
இறங்கும்போது அஞ்சாப்புலி
கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்,
"நடுவுல நிறுத்தினா
அஞ்சு ரூபா கூட ஆவும் தாயி."
கொடுத்தேன்.
இன்னும் இருபத்து மூன்று மாசம்.
மாசக் கணக்காய்ப் பேசிக்கொள்ளலாமா என்று
நாளைக்குக் கேட்க வேண்டும்.